வானிலை நன்றாக இருந்தது

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னை ஏசத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, டோர்வல் விமான நிலையக் கார்த் தரிப்பிடத்து வாசலில் இருக்கிற இயந்திரம் எங்கள் சீட்டை வாங்க மறுத்தது. போட்டால் துப்பியது. திரும்பப் போட்டால் திரும்பத் துப்பியது. நான் காரை விட்டு இறங்கி, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அந்த இயந்திரத்தைப் பெரிய குரலில் ஏசினேன். தமிழில் அல்ல, ஜேர்மனில். சட்டியைக் கருகவிட்ட சோம்பேறியே, உன் அப்பனா வந்து கழுவுவான், பன்றித் தலையே என்று, இருபது வருடமாக நாக்குக்கு அடியில் கிடந்ததெல்லாம் வரிசையாக வந்தது. பின்னால் நின்ற காரில் ஒரு வயதானவர் கண்ணாடியை இறக்கி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் விளங்கியவர் போலத்தான் இருந்தது. உன் அப்பா விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிறவர், அங்கே பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஆசனத்தில் சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் தொப்பி மட்டும்தான் வெளியே தெரிந்தது. "சீட்டைத் தலைகீழாப் போடுறீரப்பா" என்றார் தொப்பிக்கு அடியிலிருந்து. தலைகீழாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் நான் ஏசியது இயந்திரத்தை அல்ல. உன்னை.

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் சஞ்சிகையில் ஏன் போடுகிறேன் என்று கேட்பாய். நீ என்னை வீடு நிறைந்த ஆட்களுக்கு முன்னால் விற்றாய், நான் உன்னை ஊர் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் விற்கிறேன், கணக்குச் சரி. மாதம் தவறாமல் இதே பக்கத்தில் உன் அப்பாவின் குறட்டையையும், கோவில் திருவிழாச் சாப்பாட்டு வரிசையில் கத்தோலிக்க வேதக்காரராகிய நாங்கள் முன்னால் நிற்பதையும், தேவாலயப் பங்குச் சபைத் தேர்தலையும் எழுதிப் பேர் வாங்குகிறவளுக்கு, மகன் ஒரு பகிடி விட்டால் கோபம் வருவதா என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். வரக் கூடாதுதான். வருகிறது. தமிழில் எழுதினால் உனக்கு வாசிக்க நேரம் எடுக்கும் என்பதும் தெரியும். எடுக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைப் பனிக்குள் கொண்டுபோய் இறக்கிய பெற்றோலுக்காவது எழுத்துக்கூட்டி வாசி. விளங்காத இடத்தில் அகராதியைப் பார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தை அம்மா செய்த காலம் போய், அம்மா தருகிற வீட்டுப்பாடத்தைப் பிள்ளை செய்கிற காலம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

சனிக்கிழமை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து. நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன். டொலார்ட்டில் எங்கள் வீட்டு நிலவறை. ஜேர்மனியில் ஒரு வருடம் படிக்கப் போகிறவனுக்குப் பிரியாவிடை. சென்ட்-ஆன் வளாகத்தில் உன்னோடு மண்ணைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், பங்கு ஆட்கள் மறுபக்கம், நடுவில் நான் ரோல்ஸ் தட்டோடு. நீ எழும்பினாய். கைதுடைக்கிற துணியைத் தோளில் போட்டாய், அகப்பையைக் கையில் எடுத்தாய், என் குரலை எடுத்தாய். "எழுதடா, எழுது, இது சுத்தமான ஜேர்மன், சட்டத்தரணி பாத்த ஜேர்மன்" என்றாய். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், என் பங்குக்கு மட்டும் தமிழ். கோடை விடுமுறை பற்றி வகுப்பில் எழுதச் சொன்னார்கள், அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று, வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னாய்: "கோடையில் நாங்கள் ஏரிக்குப் போனோம். விடியப்புறம் அவர்கள் வந்தார்கள். நாங்கள் படுத்திருந்தோம். என் தம்பியைக் கொண்டுபோனார்கள். அவன் சட்டை போடவில்லை, சட்டை கொடியில் இருந்தது. அம்மா வீதிவரை ஓடினாள். அவன் திரும்பி வரவில்லை. வானிலை நன்றாக இருந்தது."

வீடு அதிர்ந்தது. பிலோமினா அக்கா, மன்னார்க்காரி, எங்கள் பங்கில் எந்த வீட்டில் என்ன கறி என்று மணந்து சொல்லக்கூடியவர், சிரித்துச் சிரித்துப் புரையேறி, "எட, இல்லாத தம்பியையே காணாமல் ஆக்கிப்போட்டாளே உன்ர கொம்மா" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, கையில் தட்டு இருந்தது. உன் அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. நீ அகப்பையை எடுத்த உடனேயே அவர் குப்பை போடப் போய்விட்டார். அன்று குப்பை எடுக்கிற நாள் அல்ல.

பகிடி நல்ல பகிடி. நான் தொழில் தெரிந்தவள், சொல்கிறேன். கடைசி வரியைக் குரல் ஏற்றாமல் சொன்னாயே, அது என்னிடம் இருந்து வந்தது. என் கோபம் அதில் இல்லை. "எங்கட அம்மா எல்லாத்தையும் கற்பனை பண்ணுவா, அவ எழுத்தாளர்" என்று முடித்தாயே, அதில் இருக்கிறது. அதனால் அந்த வீட்டுப்பாடம் எப்படி எழுதப்பட்டது என்பதை ஆரம்பத்திலிருந்து, ஆற அமர, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லப்போகிறேன்.

உனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மொழி எடுக்கலாம் என்றார்கள், ஸ்பானிஷ் அல்லது ஜேர்மன். உன் கூட்டாளிகள் எல்லோரும் ஸ்பானிஷ். நீ வந்து, "அம்மா, உங்களுக்கு ஜேர்மன் தெரியும்தானே, உதவி செய்வீங்களோ" என்று கேட்டாய். அந்த வயதில் நீ என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தியிருந்தாய். காசு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம்தான். அதனால் யோசிக்காமல், "தண்ணிபட்ட பாடு" என்றேன். உன் அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு என் ஜேர்மன் தெரியும். கனடாவுக்கு வருவதற்கு முன் நாங்கள் ஜேர்மனியில் இருந்தோம், அங்கே குளிர் ஒத்துவராமல் இங்கே வந்தோம் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். குளிருக்குப் பயந்து மொன்றியலுக்கு ஓடிவந்த குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதைக்கூட நீ ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. புத்திசாலிப் பிள்ளை என்று உன் ரீச்சர்மார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது.

அங்கே நான் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் வேலை செய்தேன். அனுமதி இருந்ததா என்று கேட்காதே. உருளைக்கிழங்கு உரித்தேன், சட்டி கழுவினேன், பெரிய சமையல்காரர் போட்ட சத்தத்திலிருந்து மொழி படித்தேன். அந்த ஜேர்மனில் இறந்தகாலம் கிடையாது, எதிர்காலமும் கிடையாது. கொண்டுவா, கொண்டுபோ, கழுவு, கெதியாக, இதுவா கழுவின லட்சணம். ஜேர்மனில் சட்டிக்கும் சாமானுக்கும்கூட ஆண், பெண் என்று இனம் உண்டு, ஆனால் சட்டி ஆணா பெண்ணா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, அழுக்கா இல்லையா என்றுதான் பார்த்தார்கள். அந்த மூலதனத்தோடு குசினி மேசையில் உனக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீ புத்தகத்தைத் திறந்தாய். மேசைக்கு ஓர் இனம், கதிரைக்கு ஓர் இனம், ஜன்னலுக்கு இன்னொன்று, எதற்கும் காரணம் கிடையாது, காரணம் கேட்டால் பாடமாக்கு என்கிறது புத்தகம். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையையே வெளியே எறிந்திருப்பேன், இனம் என்ன என்று அது சொல்லியிருக்கும். நான் ஒன்று சொன்னேன். நீ தலையாட்டினாய். நான் இன்னொன்று சொன்னேன்.

"அம்மா, அது பிழை. புத்தகத்தில அப்பிடி இல்லை."

"புத்தகம் ஜேர்மனியில இருந்ததோ? நான் இருந்தனான்."

"நீங்கள் குசினியிலதானே இருந்தனீங்கள்."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பென்சிலால் என் பதிலை அழித்துக்கொண்டே சொன்னாய். உன் அப்பா, "டேய்" என்றார். நீ, "என்ன, உண்மைதானே" என்றாய். உண்மைதான். உண்மை என்பதால்தான் அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு நான் சொல்கிற புத்திமதி ஒன்று இருக்குமானால் இதுதான்: பெற்றோரைத் திருத்துங்கள், பரவாயில்லை, நாங்கள் பிழை விடுகிற சாதிதான். ஆனால் திருத்துகிறபோது முகத்தைப் பார்த்துத் திருத்துங்கள். அழிக்கிற ரப்பரைப் பார்த்துக்கொண்டு திருத்தாதீர்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இவனுக்கு என்னுடைய மற்ற ஜேர்மனைக் காட்ட வேண்டும் என்று. ஏனென்றால் என்னிடம் இரண்டு ஜேர்மன் இருந்தது. ஒன்று சட்டிக்குள்ளிருந்து வந்தது. மற்றது என் அகதி வழக்குக்காகச் சட்டத்தரணி எழுதித் தந்த வாக்குமூலம். நான் தமிழில் சொன்னதை அவருடைய ஆட்கள் ஜேர்மனில் ஆக்கினார்கள், அவர் தன் கையால் திருத்தினார். அதைப் பாடமாக்கு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். விசாரணையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார், எங்கள் ஆள் அல்லாத ஒருவர், அவர் நாம் சொல்வதில் பாதியை விழுங்கிவிடுவார் என்று அகதி விடுதியில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஞானோபதேசப் பரீட்சையில் முழுப் புத்தகத்தையும் கேள்வியும் பதிலுமாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள். விளங்குகிறதோ இல்லையோ, வரிசை மாறாமல், மூச்சு விடுகிற இடம் மாறாமல் ஒப்புவிக்கத் தெரிந்த சாதி நாங்கள். அந்த வாக்குமூலத்தையும் அப்படியே ஏற்றினேன். உன் அப்பா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புக் கட்டிலில் அதிகாரியாக இருப்பார். "என்ன நடந்தது?" என்பார் ஜேர்மனில். அவருக்குத் தெரிந்த ஒரே வசனம் அது. நான் எழும்பி நின்று ஒப்புவிப்பேன். பக்கத்து அறைப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "அக்கா, இண்டைக்கு வடிவாச் சொன்னீங்கள்" என்பாள். அவ்வளவும் இறந்தகாலம். ஒரு பிழை கிடையாது.

அதனால்தான், நீ இறந்தகாலத்தில் கோடை விடுமுறை பற்றி எழுத வேண்டும், வானிலை பற்றியும் ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பின்னேரம், நான் அடுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றேன். "எழுதடா, எழுது, இது சுத்தமான ஜேர்மன், சட்டத்தரணி பாத்த ஜேர்மன்" என்றேன். "முதல் நான் சொல்லுறதை அப்பிடியே எழுது. பேந்து ஆக்களையும் இடங்களையும் மாத்துவம். வசனம் எப்பிடிப் போகுது எண்டு பார்." முதலில் நீ உன்னுடைய ஏரி வசனத்தை எழுதினாய். பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். நீ எழுதினாய். நடுவில் நிமிர்ந்து பார்த்தாய். முதல்முறையாக அழிக்கவில்லை. "அம்மா, இது நல்லாயிருக்கு. எல்லாம் சரியா இருக்கு" என்றாய். என் தலை கூரையில் முட்டியது. அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. பிலோமினா அக்கா. நிச்சயம் பண்ணிய ஒரு பெடியன் மோதிரத்தைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டானாம். இப்படிப்பட்ட செய்தியை இடையில் வைத்துவிட்டு வருகிற அளவுக்கு நான் புனிதை அல்ல. யார் எவர் என்று முழுவதையும் கேட்டுவிட்டு வந்தபோது நீ வானிலை வரியையும் போட்டு, பையை மூடி, ஹொக்கி மட்டையோடு வெளியே போய்விட்டாய். மாற்ற வேண்டிய ஆட்களும் இடங்களும் மாறாமல் பைக்குள் கிடந்தார்கள். எனக்கு அது நினைவே வரவில்லை. மோதிரம்தான் நினைவில் இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பதிவுச் செய்தி பிரெஞ்சில் இருந்தது. மதாம், உங்கள் மகன், அவசரம் என்பது மட்டும் பிடிபட்டது. "பல்லைக் கில்லை உடைச்சிட்டானோ" என்றார் உன் அப்பா, நான் ரெலிபோனில் கேட்டபோது. நான் வேலை செய்கிற கார்ட்ரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகளின் மத்தியானச் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஏப்ரனைக் கழற்ற மறந்து, பஸ் ஏறி வந்தேன். சின்ன அறை. உன் ஜேர்மன் ரீச்சர், கழுத்தில் சால்வை சுற்றிய கிபெக்காரி, பக்கத்தில் சமூக சேவகி ஒருவர், மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. அப்படி ஒரு பெட்டி வைத்திருக்கிற அறைக்கு நல்ல செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. சமூக சேவகி பிரெஞ்சில் மெல்ல மெல்லக் கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. ஒன்று என்றேன். இப்போது ஒன்றா, முன்பும் ஒன்றா என்றார். இந்த நாட்டில் பிள்ளையை அடித்தால் அரசாங்கம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் ஆட்கள் சொல்லாத நாள் கிடையாது. இங்கே நான் ஒரு பிள்ளையைத் தொலைத்தவளாக உட்கார்ந்திருக்கிறேன். நானோ ஊரார் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிச் சம்பளம் வாங்குகிறவள். பிள்ளையும் போய் வேலையும் போவதற்கு ஒரு பின்னேரம் போதும்.

என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு, பொஞ்சூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். ரீச்சருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அம்மாவுக்கு ஜேர்மன் தெரியும் என்று நீ வகுப்பில் சொல்லியிருந்தாயாம், அவர் என் பக்கம் திரும்பி ஜேர்மனில் பேசத் தொடங்கினார். அவருடைய ஜேர்மன் மூக்கால் வந்தது, என்னுடையது யாழ்ப்பாணத்து வாயால் வந்தது. மொன்றியலில் ஓர் அறைக்குள், ஜேர்மன்காரர் ஒருவர்கூட இல்லாமல், இரண்டு பேரும் அந்த மொழியில் உட்கார்ந்திருந்தோம். விளங்காமல் போன ஒரு சொல்கூட இல்லை.

"யார் அந்தப் பையன்?" என்று கேட்டார். "சட்டை கொடியில் இருந்தது என்று எழுதியிருக்கிறான். பிள்ளைகள் இப்படிக் கற்பனை செய்ய மாட்டார்கள். இது யாருக்கோ நடந்திருக்கிறது."

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. உனக்கு என்ன தேவை இது, நீ இலக்கணம் படிப்பிக்க வந்தவள், பிழை இருந்தால் சிவப்பு மையால் கீறு, இல்லாவிட்டால் விடு, என் வீட்டுக் கொடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க உனக்கு யார் சொன்னது என்று மனதுக்குள் ஒரு வண்டி ஏசினேன். வெளியே ஒரு சொல் சொன்னேன். "எர்ஃபுண்டன்." கற்பனை, இட்டுக்கட்டியது, நடக்காதது என்று அர்த்தம். மகனுக்கு வசனம் பழக்குவதற்காக நானே உண்டாக்கிய கதை என்று, ஏப்ரனின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னேன். ரீச்சர் அதைச் சமூக சேவகிக்குப் பிரெஞ்சில் சொன்னார். சமூக சேவகி மூச்சை விட்டு, சிரித்து, கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பும்போது, "அந்தச் சொல்லை நன்றாக உச்சரிக்கிறீர்கள், அது எங்கள் பாடத்தில் இல்லை, எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். "குசினியில்" என்றேன். அந்த வீட்டுப்பாடத்துக்கு உனக்கு இருபதுக்குப் பதினெட்டு. என் வரிகளில் ஒரு பிழையும் இல்லை. உன் வானிலையில்தான் இரண்டு புள்ளி போனது.

வீட்டுக்கு வந்ததும் நீ, "அம்மா, அது எங்கயிருந்து எடுத்தனீங்கள்" என்றாய். "ஏதோ படத்தில பாத்தது" என்றேன். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நீ நம்பினாய். நம்பாமல் என்ன, சொன்னது நான். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பகிடியாகச் சொன்னாய், அகப்பை, துணி எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன, நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது தன்பாட்டில் பழசாகிப் போய்விடும் என்று நினைத்தேன். நல்ல பகிடி பழசாகாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அது எனக்கே மறந்துபோனது.

அது படத்தில் பார்த்தது அல்ல. உனக்கு ஒரு மாமா இருந்தான். பெயர் அருள்ராசன். உன்னைவிட இரண்டு வயது குறைவு, அந்த வயதிலேயே நிற்கிறான். நீ சட்டையைக் கதிரையில் எறிகிறவன், அவன் தானே தோய்த்துக் கொடியில் போடுகிறவன். அன்றைக்கு விடியப்புறம் ஆமிக்காரர் துப்பாக்கியோடு வந்தபோது அந்தச் சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று அவன் கேட்டான். அவ்வளவு மரியாதையாகக் கேட்டான், கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கிற மாதிரி. விடவில்லை. எங்கள் அம்மா அந்தச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வீதிவரை ஓடினா. சட்டத்தரணி அந்தச் சட்டை வரியை வெட்டச் சொன்னார், வழக்குக்கு அது தேவையில்லை என்றார். நான் விடவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள் என்றேன். சனிக்கிழமை நீ அந்த வரியைச் சொன்னபோது, கோடைகாலம்தானே, சட்டை எதற்கு என்று உன் கூட்டாளி ஒருவன் பின்னாலிருந்து சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். உன்மேல் கோபம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் ஓடிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா சொன்னார், "நீர் ஒருநாளும் சொல்லேல்லை. பெடியன் என்ன செய்வான்." அவர் சரியாகச் சொன்னதால் அவர்மேலும் கோபம். அவர் பாவம், வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

இனி இந்தக் கதையைச் சொல்லாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லு. அகப்பையையும் எடு, குரலையும் எடு. ஆனால் கடைசியில் கற்பனை என்று முடிக்காதே. யாராவது அது உண்மையா என்று கேட்டால், ஓம் என்று சொல்லு. சிரிப்பு நின்றுபோகும். நிற்கட்டும். அந்த இடத்தில் நின்றுபார், நானும் நின்றிருக்கிறேன்.

ஒரு புத்திமதியும் சொல்லிவிட்டு முடிக்கிறேன், புத்திமதி இல்லாத கடிதத்தை அம்மா எழுதியது என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே போய்ப் பிழையாகக் கதை. சட்டிக்கு எந்த இனம் வருகிறதோ அதைப் போடு. தடுமாறு, நடுவில் நிறுத்து, சொல் வராவிட்டால் கையால் காட்டு. யாராவது திருத்தினால் நன்றி சொல்லு. ஆனால் எதையும் பாடமாக்கிக்கொண்டு போய் ஒரு மேசைக்கு முன்னால் ஒப்புவிக்காதே. நாங்கள் அந்த நாட்டைவிட்டு வந்தது குளிரால் அல்ல.

என் விசாரணையில் அந்த மொழிபெயர்ப்பாளர், நாங்கள் பயந்த ஆள், நேர்மையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சட்டை வரியில் ஒரு சொல் தடுமாறினார். நான் அவரை ஜேர்மனில் திருத்தினேன். திருத்திவிட்டு, நிறுத்தாமல், மிச்சம் முழுவதையும் நானே ஜேர்மனில் சொல்லி முடித்தேன், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல். அதிகாரி பேனாவை மூடினார். ஒரு பிழையும் இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தட்டெழுதிய பெண்ணிடம் சொன்னார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார், அதை அவள் எழுதினாள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். எர்ஃபுண்டன். வேண்டாம், விளங்கிவிட்டது என்றேன்.